அதிதி அசோக்கின் 2023: லீடர்போர்டைக் கீழ இருந்து படிப்போம்

ஸ்ரீரங்கத்துல உட்கார்ந்துக்கிட்டு கோல்ஃப் பத்தி ஒரு எபிசோடான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் முதல்முதலா ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பார்த்ததே கொடைக்கானல் டூர்ல, பஸ் ஜன்னல் வழியா. அது என்ன விளையாட்டுன்னு அப்போ கேட்கக்கூட தோணல.

கேட்க வச்சது 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. டோக்கியோ ஒலிம்பிக்ஸை திருச்சிக்காரங்க நாம ஏற்கெனவே கவனிச்சுக்கிட்டுதான் இருந்தோம். ஒரு வாரம் முன்னாடிதான் சுபா வெங்கடேசனும் லால்குடி ஆரோக்ய ராஜீவும் கலப்பு ரிலேல ஓடியிருந்தாங்க. திடீர்னு பார்த்தா, உலகத் தரவரிசைல 200-ஆவது இடத்துல இருந்த பெங்களூர் பொண்ணு அதிதி அசோக் கடைசி நாள்ல மெடல் போட்டியில நிக்கிறாங்க. பர்டின்னா என்ன, போகின்னா என்னன்னு தெரியாத நாமெல்லாம் போனை ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டு இருந்தோம். அன்னைக்கு அவங்களுக்கு கேடி அவங்க அம்மா. நாலு நாள்ல மொத்தம் 269 அடி. ஒரே ஒரு அடி குறைச்சு ஆடியிருந்தா, வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடந்த பிளே-ஆஃப்ல மோனே இனாமி, லிடியா கோ கூட அவங்களும் நின்னிருப்பாங்க. நாலாவது இடம். சாயங்காலம் நீரஜ் சோப்ரா தங்கம் அடிச்சார், காலைல நடந்ததை ஊரே மறந்துடுச்சு.

நான் மறக்கல. அந்தப் பொண்ணு அடுத்த வாரம் என்ன பண்ணாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, கோல்ஃப்ல போட்டி வேற, சீசன் வேற.

முதல்ல அளவு புரியணும். நம்ம ரங்கநாதர் கோவில் ஏழு பிரகாரமும் சேர்த்து 156 ஏக்கர். உத்தர வீதி, சித்திரை வீதி, வீடு, கடை எல்லாம் அதுக்குள்ள அடக்கம். 18 குழி இருக்கிற ஒரு மைதானம் ஏறக்குறைய அவ்வளவு பெருசு. அதை ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் நாலு நாள் நடந்தே ஆடணும். ஆனா எல்லாருக்கும் நாலு நாள் கிடைக்காது. பெரிய போட்டிகள்ல 140 பேர் பக்கம் ஆரம்பிப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கோடு விழும், அதுக்குப் பேர் கட். அமெரிக்காவுல நடக்கிற எல்பிஜிஏ டூர்ல 65 பேர் அளவுக்குத்தான் அந்தக் கோட்டைத் தாண்டுவாங்க. மத்தவங்க பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பொதுவா அவங்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. ஃபிளைட் டிக்கெட், ஹோட்டல், கேடி சம்பளம் மட்டும் கையை விட்டுப் போயிருக்கும். மாசச் சம்பளம் கிடையாது, பெஞ்ச்ல உட்கார வச்சுக் காசு கொடுக்க ஆளும் கிடையாது. ஐடி-ல இருக்கிற நமக்கு அந்த வார்த்தையோட அருமை தெரியும்.

இப்போ 2023-க்கு வருவோம். பிப்ரவரில கென்யா. லேடீஸ் யூரோப்பியன் டூர் போட்டி அது. அதிதி ஒன்பது அடி வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. 2017-க்கு அப்புறம் அவங்களுக்குக் கிடைச்ச முதல் பட்டம். நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல! டோக்கியோ நாலாவது இடமும் அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு. ஏப்ரல் கடைசில லாஸ் ஏஞ்சல்ஸ். மூணு பேர் சமமா முடிச்சு பிளே-ஆஃப் போச்சு. முதல் குழியிலேயே அதிதி வெளிய வந்துட்டாங்க, ஆஸ்திரேலியாவோட ஹானா கிரீன் ஜெயிச்சாங்க. அதுவரைக்கும் எந்த இந்தியப் பெண்ணும் எல்பிஜிஏ பட்டம் வாங்கினதில்லை. அவ்வளவு பக்கத்துல போன செய்தி இங்க எத்தனை பேர் காதுல விழுந்துச்சு?

ஜூன்ல செக் நாட்டுல தீக்ஷா தாகர் ஜெயிச்சாங்க. ஹரியானா பொண்ணு, பிறவியிலேயே காது கேட்காது, இடது கை ஆட்டக்காரர். டெஃப்லிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கினவங்க. யூரோப்பியன் டூர்ல அது அவங்களுக்கு இரண்டாவது பட்டம்.

அப்புறம் ஹாங்சோ, ஆசிய விளையாட்டுப் போட்டி. அதிதி முதல் மூணு நாள்ல 67, 66, 61. அந்த 61-ஐ நான் ரெண்டு தடவை சரிபார்த்தேன். பார் 72 இருக்கிற மைதானத்துல 11 கம்மி. ஏழு அடி முன்னிலையோட கடைசி நாளுக்குப் போறாங்க. அக்டோபர் 1, 77. தாய்லாந்தோட அர்பிச்சயா யூபோல் தங்கத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதே ஆள், அதே மைதானம், ஒரு ராத்திரி இடைவெளியில 16 அடி வித்தியாசம். வெள்ளி வாங்கின அதிதிதான் ஆசிய விளையாட்டுல மெடல் வாங்கின முதல் இந்தியப் பெண் கோல்ஃபர். ஆனா நம்ம தலைப்புச் செய்தியில எல்லாம் தங்கத்தைத் தவற விட்டார்னுதான் வந்துச்சு.

எனக்கு இங்கதான் கோபம் வருது. ஹாங்சோவுல பரிசுப் பணமே கிடையாது. ஆனா நம்ம ஊர்ல ரொக்கப் பரிசு, விருது, வேலை எல்லாத்துக்கும் மெடல்தான் கணக்கு. ரிலே ஓடுற பொண்ணுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். பொன்மலை பக்கம் கேட்டுப் பாருங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டா ரயில்வே வேலைதான் பாதி வீடுகளோட கனவு. வாரா வாரம் ஊர் ஊரா சொந்தச் செலவுல போய் ஆடுற ஒரு புரொஃபஷனலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

இன்னொண்ணு. ஹாங்சோவுக்குப் போன இந்தியப் பெண்கள் அணியில மூணு பேர்: அதிதி, அவனி பிரசாந்த், பிரணவி அர்ஸ். முதல் ரெண்டு பேர் பெங்களூர், மூணாவது மைசூர். மூணு பேருமே கர்நாடகா. தற்செயல்னு நான் நினைக்கல. சின்ன வயசுல அப்பா அம்மாவோட டிபன் சாப்பிடப் போன ஹோட்டல்ல இருந்து கோல்ஃப் பயிற்சி மைதானம் தெரிஞ்சுது, அப்படித்தான் அதிதி உள்ள வந்தாங்க. நம்ம காந்தி மார்க்கெட் பக்கம் எந்த மெஸ் ஜன்னல்ல இருந்து அது தெரியும், சொல்லுங்க? திறமை நம்ம பக்கமும் இருக்கும். கண்ணுல படணுமே.

ஹாங்சோவுக்கு அப்புறம் எட்டு வாரம். நவம்பர் கடைசில ஸ்பெயின், யூரோப்பியன் டூர் சீசனோட கடைசிப் போட்டி. அதிதி ஜெயிச்சாங்க. அந்த 77-க்கு அப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில். கேட்டவங்கதான் கம்மி.

நீங்க ஃபாலோ பண்ண ஆசைப்பட்டா ஒரு சின்ன யோசனை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி லீடர்போர்டைத் திறந்து, கட் கோட்டுப் பக்கம் இந்தியக் கொடி எங்க இருக்குன்னு பாருங்க. நேர வித்தியாசத்துனால சில சமயம் சனிக்கிழமை காலைலதான் தெரியும், ஃபில்டர் காபியோட பார்த்துக்கலாம். தீக்ஷா பத்தி அடுத்த எபிசோட்ல தனியாவே பேசுவோம்.