வாடின செடிக்கு உடனே தண்ணி ஊத்தலாமா?

போன ஏப்ரல்ல என் பால்கனியில பதினோரு தக்காளிச் செடி செத்துப்போச்சு. தண்ணி இல்லாம இல்லை, தண்ணி ஊத்தி ஊத்தியே நான்தான் அதுங்களைக் கொன்னேன். இன்னைக்குப் பேச்சு அதைப் பத்தித்தான்.

சென்னையில கண்ணாடி போட்டு மூடின பால்கனி. கருப்பு க்ரோ பேக், உள்ளே முழுக்க கோகோபீட், அதாவது தென்னைநார்க் கழிவு. மதியம் ரெண்டு மணிக்கு இலை தொங்கும். பாவமா இருக்கும், ஒரு மக் ஊத்துவேன். சாயங்காலம் மறுபடியும் ஒரு மக். பத்து நாள்ல வேர் பழுப்பாகி நாத்தம் வந்துடுச்சு.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். எனக்கு தருமபுரி. பாலக்கோடு பக்கம் தெரிஞ்சவர் ஒருத்தர் நிழல்வலைக்குள்ள தக்காளி நாத்து வளர்க்கிறார். கதையைச் சொன்னதும் சிரிச்சார். "தம்பி, இலையைப் பாத்து தண்ணி ஊத்தக்கூடாது. தட்டைத் தூக்கிப் பாத்து ஊத்தணும்."

அவர் சும்மா சொல்லலை. தருமபுரிக்கு இதுல ஒரு பழைய தொடர்பு உண்டு. 2004-05ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூலமா துல்லியப் பண்ணையத் திட்டம் தொடங்கினது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்லதான். மூணு வருஷம், 400 ஹெக்டேர். சொட்டுநீர்ல உரத்தைக் கரைச்சு விடுறது, தரையில நாத்தங்கால் போடாம குழித்தட்டுல கோகோபீட் நிரப்பி நாத்து விடுறது, இதெல்லாம் அந்தத் திட்டத்துல முக்கியமான வேலைகள்.

ஒரு தட்டுல 98 குழி. ஒரு ஏக்கர் தக்காளிக்கு இடைவெளியைப் பொறுத்து சுமார் நூறு தட்டு வேணும். விவசாயி முன்பணம் கொடுத்துட்டு, நிலத்தை உழுது வெச்சுட்டுக் காத்திருப்பார். இருபத்தஞ்சு நாள்ல நாத்து கைக்கு வரணும். நடுவுல வேர் அழுகினா அவரோட நடவே தள்ளிப்போகும். எனக்குப் பதினோரு செடி போச்சு. அங்கே ஒரு குடும்பத்தோட பருவமே போயிடும். அதனாலதான் அவங்க கவனம் வேர் மேலேயே இருக்கு.

சரி, வேருக்கு என்ன ஆகுது? வேரும் மூச்சு விடும். அதுக்கு ஆக்சிஜன் வேணும். 20 டிகிரி தண்ணியில ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில அது ஏழரைக்கு இறங்கிடும். ஆனா சூடு ஏற ஏற வேர் வேகமா மூச்சு விடும், அதுக்குத் தேவை கூடும். வரவு குறையுது, செலவு கூடுது. கோகோபீட் தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். நல்லா இருக்கிற கோகோபீட்ல காத்துக்கும் இடம் இருக்கும். நாம திரும்பத் திரும்ப ஊத்தும்போது அந்த இடத்தையும் தண்ணி அடைச்சுக்கும். மூச்சு முட்டின வேரால தண்ணியை உறிஞ்ச முடியாது. அதனால இலை வாடும். நாம தாகம்னு நினைச்சு இன்னும் ஊத்துவோம். வேரழுகல் பூஞ்சைக்கு அதுதான் கொண்டாட்டம்.

தக்காளி வேருக்கு 20-லிருந்து 25 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டினா தடுமாறும். வெயில் படுற கருப்புப் பை அறையோட காத்தைவிடச் சூடா இருக்கும். அதனால அறை வெப்பநிலையை நம்பாதீங்க. சாயங்காலம் மூணு மணிக்கு ஒரு தெர்மாமீட்டரை கோகோபீட்டுக்குள்ள குத்திப் பாருங்க.

பையைத் தூக்கிப் பாருங்க. லேசா இருந்து செடி வாடியிருந்தா தாகம்தான், ஊத்துங்க. கனமா இருந்தும் வாடியிருந்தா ஊத்தாதீங்க. நிழல்ல வையுங்க, ஜன்னலைத் திறங்க, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. வெயில் இறங்கினதும் பெரும்பாலும் தானே நிமிரும்.

சூட்டைக் குறைக்க பெரிய செலவு வேண்டாம். கருப்புப் பைக்கு வெள்ளைத் துணி சுத்துங்க. தரையில வைக்காம ரெண்டு செங்கல் மேல தூக்கி வையுங்க. மொட்டைமாடி டேங்க் தண்ணியை மதியம் நேரா ஊத்தாதீங்க, கொதிச்சிருக்கும். ராத்திரியே வாளியில பிடிச்சு வெச்சு விடியக்காலையில ஊத்துங்க. ஏசி அறையில வளர்க்கிறவங்களுக்குத் தொல்லை தலைகீழ்: வேர் குளிர்ந்து மெதுவாத்தான் குடிக்கும், பை காய நாளாகும். அங்கே தண்ணி கொடுக்கிற இடைவெளியைக் கூட்டுங்க.

கடைசியா உப்பு. எங்க ஊர் நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். 2013ல திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காகத்தான் வந்தது. தண்ணி பாக்கத் தெளிவா இருந்தாலும் உள்ளே என்ன கரைஞ்சிருக்குன்னு யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு அப்படி வந்தது. நகரத்து போர் தண்ணியிலயும் உப்பு இருக்கும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுற தண்ணியில அது இன்னும் கூடுதல். அதை கோகோபீட்டுக்கு ஊத்தாதீங்க.

கோகோபீட்லயே சோடியமும் பொட்டாசியமும் இருக்கும். கட்டியை ஊறவெச்சு நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க. அப்புறம் லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைச்சு ராத்திரி முழுக்க ஊறவெச்சு வடிச்சிடுங்க. இல்லேன்னா செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தை கோகோபீட்டே பிடிச்சுக்கும். செடி வளர்ந்த பிறகு, ஊத்துறப்போ பத்துல ஒரு பங்கு கீழே வடியணும். தேங்குற உப்பு அதோட போயிடும். வடிஞ்சதைத் தட்டுல நிக்க விடாதீங்க.

இந்த வருஷம் நாலே செடிதான் வெச்சிருக்கேன். மதியம் இலை தொங்கும்போது இப்பவும் கை மக்கைத் தேடும். முதல்ல பையைத் தூக்கிப் பாக்கிறேன். நீங்களும் ஒரு வாரம் இதைச் செஞ்சு பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.