எழும் கணமும் ஒளிப்படமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் மாலை வேளைகளில் மொட்டை மாடிக்கு ஏறி வட வானை நோக்கி நிற்பார்கள். ஏவுதளம் இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். குறித்த நேரத்தில் செம்பொறி ஒன்று எழும்; கிழக்கே கடலை நோக்கிச் சாயும்; மேகத்துள் மறையும். ஓசை பெரும்பாலும் இவ்வளவு தொலைவு எட்டுவதில்லை. கேமரா வைத்திருப்பவர் அந்தப் பொறியைப் படம் பிடித்துக்கொள்வார். பயணம் வென்றதா தோற்றதா என்பது, அவர் மாடியை விட்டு இறங்கி வந்து தொலைக்காட்சி முன் அமர்ந்த பின்னரே தெரியவரும்.

அந்தப் படத்தைப் பற்றியதே இவ்வுரை. ஒன்று எழும் கணத்தை ஒளிப்படம் பிடிக்கும்போது எதைப் பிடிக்கிறது, எதைப் பிடிக்காமல் விடுகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. கவிஞர்கள் கூடிய அவையில் இவ்வினா எழுவதற்கான காரணம் இறுதியில் விளங்கும்.

சொல் காட்டும் வேறுபாடு

ராக்கெட்டுக்கும் படகுக்கும் புதிய நூலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் போதும். தமிழ் அப்படி அமைதி கொள்வதில்லை. ராக்கெட் ஏவப்படுகிறது, படகு இறக்கப்படுகிறது, பறவை எழுகிறது, நூல் வெளியிடப்படுகிறது.

இவ்வேறுபாடு வெறும் சொல்வழக்கு அன்று. ‘ஏவல்’ என்பது இலக்கணத்தில் முன்னிலையில் இருப்பவரைப் பணிக்கும் வினை. ஏவியவர் பின்னே நிற்பார். ஏவப்பட்டது முன்னே செல்லும். அம்பைப் போல அது தானாகத் திரும்பி வருவதில்லை. பறவை எழுவதோ தன்வினை. அதற்குப் பின்னே எவரும் இல்லை. படகு எழுவதே இல்லை. மேட்டிலிருந்து அது நீருக்குள் இறங்க வேண்டும். மிதப்பதற்கு முன் தாழ வேண்டும் என்பது படகின் நியதி. இம்மூன்று வினைகளையும் பிரித்தறியும் கண்ணே நல்ல படத்தை எடுக்கிறது.

பறவை: குறிப்பறிதல்

பறவை எழும் கணத்தைப் பிடிக்க முயல்பவர், பறந்த பிறகு பொத்தானை அழுத்தினால் வெறும் வானத்தையே பெறுவார். எழுவதற்கு முன் பறவை காட்டும் குறிப்பை அவர் அறிந்திருத்தல் வேண்டும். ஏரிக்கரையில் நிற்கும் கொக்கு கால்களை மடக்கிக் கழுத்தை முன் நீட்டும். அடுத்த நொடியில் மேலே துள்ளும். நாமக்கோழி அவ்வாறு துள்ளுவதில்லை. நீர்ப்பரப்பின் மேல் கால்களால் அறைந்து நெடுந்தூரம் ஓடிய பின்பே மேலெழும். பூநாரைக்கும் அத்தகைய ஓட்டம் தேவை. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும். ஆகவே காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை அறிந்து நிற்பவருக்கே முகம் தெரியும் படம் கிடைக்கும்; மற்றவருக்கு வாலே கிடைக்கும்.

இக்கலையில் தமிழர் ஒருவரின் பெயர் மறக்கத்தகாதது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இயற்கையியலாளர்; தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்; பத்மஸ்ரீ விருது பெற்றவர். பல பாகங்களைத் தாமே சேர்த்து அமைத்துக்கொண்ட கனத்த கேமராவைச் சுமந்துகொண்டு காடுகளில் அலைந்தார். பல வண்ணப் படங்கள் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளையிலேயே நிலைத்து நின்றார். விலங்கின் இயல்பைப் பல்லாண்டு கவனித்து எழுதியவர் என்பதால், அவருக்குப் படம் கவனிப்பின் முடிவாக அமைந்ததே ஒழிய அதன் தொடக்கமாக அமையவில்லை.

மனிதக் கண்ணுக்கு எட்டாத நொடிப் பகுதியைக் காண முயன்ற வரலாறு பழையது. 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு எழுவதைக் காட்டினார். 1882இல் பிரான்சு நாட்டு மாரே, துப்பாக்கி வடிவக் கருவி ஒன்றை அமைத்து, பறவையின் பறப்பை நொடிக்கு 12 படங்களாகப் பதிவு செய்தார். துப்பாக்கியைப் பறவையின்மேல் நீட்டியும் அதனைக் கொல்லாத முதல் வேடர் அவர் எனலாம்.

படகு: பல கைகளின் படம்

படகு இறங்கும் காட்சி முற்றிலும் வேறானது. கட்டுமரம் என்பது பெயருக்கேற்பக் கட்டப்பட்ட மரம். கரை திரும்பிய பின் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைப்பார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் அது புதிதாகப் பிறந்து புதிதாகக் கடலில் இறங்கியது. இன்று கண்ணாடி இழைப் படகுகளும் இயந்திரங்களும் அதன் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. எனினும் அலை தணியும் இடைவெளிக்குக் காத்திருப்பதும், அது வாய்த்ததும் தோள் கொடுத்துத் தள்ளுவதும் மாறவில்லை.

கரையில் நின்று எடுத்தால் தள்ளுவோரின் முதுகுகள் மட்டுமே படத்தில் விழும். இடுப்பளவு நீரில் இறங்கி நின்று எடுப்பவருக்கே முகங்களும் தோள்களும் அலையும் ஒருசேரக் கிடைக்கும். அவரும் நனைய வேண்டும் என்பது அந்தப் படத்தின் விலை. அவ்வாறு எடுத்தாலும் ஒன்று தப்பிவிடும்: கைகளை ஒரு கையாக்கும் அம்பாப் பாட்டு. திறந்த வாய்களைப் படம் காட்டும், பாட்டைக் காட்டாது. அந்த இடத்தில்தான் கவிஞனின் வேலை தொடங்குகிறது.

ராக்கெட்: ஒளி முன், ஒலி பின்

ராக்கெட்டைப் படம் பிடிப்பதில் இரு முறைகள் உண்டு. பகலில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை உள்ளே விட்டால், தீப்பிழம்பும் புகையும் உறைந்து நிற்கும். இரவில் கேமராவை முக்காலியில் நிறுத்தித் திரையைச் சில நிமிடங்கள் திறந்தே வைத்தால், எழுந்த இடம் முதல் மறைந்த இடம் வரை முழுப் பாதையும் ஒரே ஒளிவில்லாக வளையும். முன்னது ஒரு கணத்தை வெட்டி எடுக்கிறது. பின்னது பல கணங்களை ஒன்றாகத் திரட்டுகிறது. சிறு கவிதைக்கும் காப்பியத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம்.

ஏவுதளத்துக்கு அருகில் மனிதர் நிற்க இயலாது. அமெரிக்காவின் கேப் கனாவரலில், ஆளில்லாத கேமராக்களைத் தளத்தருகே முன்னதாகவே நிறுத்திவிடுகிறார்கள். ராக்கெட்டின் முழக்கமே அவற்றைத் தூண்டிப் படம் எடுக்கச் செய்கிறது. தமிழகத்தின் பழவேற்காட்டிலிருந்து காண்போர்க்கோ அம்முழக்கம் நெடுநேரம் கழித்தே வரும். ஏவுதளம் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் அமைதியாக எழும் ஒளியையே அவர்கள் காண்கிறார்கள். முழக்கம் செவியில் விழும் வேளையில், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டம் தன் எரிபொருளைத் தீர்த்து விழும் நிலையை நெருங்கியிருக்கும்.

கிடைத்த படமும் கிடைக்காத படமும்

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதல் எழுந்தது. ஆர்வில் ரைட் கேமராவை முக்காலியில் நிறுத்தி, விமானம் தண்டவாளத்தை விட்டு எழக்கூடிய இடத்தை நோக்கித் திருப்பி வைத்தார். கடலோர உயிர்காப்பு நிலையத்தைச் சேர்ந்த ஜான் டேனியல்ஸ் என்பவரிடம் அதன் ரப்பர் குமிழை ஒப்படைத்தார். டேனியல்ஸ் அதற்கு முன் கேமராவைக் கையாண்டவர் அல்லர். விமானம் எழுந்த வியப்பில் குமிழை அழுத்தினோமா இல்லையா என்பதே அவருக்கு நினைவில்லை. அழுத்தியிருந்தார் என்பது வீடு திரும்பிக் கண்ணாடித் தகட்டைக் கழுவிய பின்புதான் தெரிந்தது. 12 நொடி, 120 அடி நீண்ட அப்பறப்பின் சாட்சி அப்படித்தான் உலகுக்குக் கிடைத்தது.

1926 மார்ச் 16 அன்று ராபர்ட் கோடார்டு, திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ராக்கெட்டை ஏவினார். அவர் மனைவி எஸ்தர் கையில் சாவி கொடுத்து ஓட்டும் திரைப்படக் கேமரா இருந்தது. ஒரு முறை சாவி கொடுத்தால் அது ஓடக்கூடியது சில நொடிகளே. ராக்கெட் எழத் தாமதித்தது. கேமரா ஓடி முடிந்து நின்ற பின்பே அது எழுந்தது. ஆகவே அந்தப் பறப்பின் படம் வரலாற்றில் இல்லை. ஏவுமுன் ராக்கெட்டின் அருகே கோடார்டு நிற்கும் படமே எஞ்சியுள்ளது. படம் இல்லை என்பதால் நிகழ்ச்சி சிறுத்துவிடவில்லை. படம் இருப்பதாலேயே நிகழ்ச்சி பெருத்துவிடுவதும் இல்லை.

படம் சொல்லாதது

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது; சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் எழுந்தது. ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இரண்டும் சீராகவே தளத்தை விட்டு எழுந்தன. எழும் கணத்தை மட்டும் பார்ப்பவர் எது வென்றது, எது விழுந்தது என்று கூற இயலாது. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம், முதல் தோல்வியின்போது தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர் முன் பொறுப்பைத் தாமே ஏற்றதையும், வெற்றியின்போது தம்மை முன்னிறுத்தியதையும் பல மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார். அந்தப் பெருந்தன்மையும் தீப்பிழம்புப் படத்தில் இல்லை.

அண்மையிலும் இவ்வாறு நிகழ்ந்தது. 2025 மே 18 அன்று விடியற்காலையில் பி.எஸ்.எல்.வி.-சி61 குறையின்றி எழுந்தது. மூன்றாம் கட்டத்தில் கோளாறு நேர்ந்து திட்டம் கைகூடாமற் போயிற்று. விடியல் வானில் எடுக்கப்பட்ட படங்களில் எக்குறையும் தெரியவில்லை.

எழும் கணத்தின் படம் பொய் சொல்வதில்லை. முடிவு தெரியாத ஒரு கணத்தை முடிவு தெரியாததாகவே காட்டுகிறது. அதனை வெற்றியின் படமாக எண்ணுவது காண்போர் செய்யும் பிழை.

சட்டத்துக்கு வெளியே நிற்பவை

பிழை வேறொரு வகையிலும் நேரலாம். பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட தீவே ஸ்ரீஹரிகோட்டா. ஏரியில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூடுகின்றன. கடற்கரையிலிருந்து படகுகள் இறங்குகின்றன. தீவிலிருந்து ராக்கெட்டுகள் எழுகின்றன. மூவகை எழுச்சியும் அடுத்தடுத்து நிகழும் இடம் உலகில் அரிது.

ஆனால் ராக்கெட் ஏவப்படும் நாளில் அப்பகுதி மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாமென அறிவிப்பு வரும். பாதுகாப்புக் கருதியே அவ்வறிவிப்பு; அதன் தேவை மறுக்கத்தக்கதன்று. எனினும் ஒன்று ஏவப்படுவதற்காக மற்றொன்று இறங்காமல் நிற்கிறது. அன்றைய கூலி நிற்கிறது. வானை மட்டும் சட்டத்துள் அடக்கும் படத்தில் மணலில் ஏற்றி வைத்த படகுகள் இல்லை. கேமராவைச் சற்றே தாழ்த்தினால் அவையும் உள்ளே வரும். அப்போது படத்தின் அழகு குறைவதில்லை, பொருள் கூடுகிறது.

1966இல் தும்பாவுக்கு வந்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன், ராக்கெட்டின் கூம்பு முனையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டு செல்லும் காட்சியைப் படம் பிடித்தார். ராக்கெட் எழும் படங்கள் எத்தனையோ வந்து மறைந்தன. எழுவதற்கு முந்திய உழைப்பைக் காட்டிய அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

நூல் வெளியீடு என்னும் ஏவல்

இனி, இவ்வினா கவிஞர் அவைக்கு வந்த காரணம். இலக்கிய வட்டம் எதுவாயினும் அதன் ஆண்டு மலரில் தவறாமல் இடம்பெறுவது நூல் வெளியீட்டுப் படம். வண்ணத்தாள் பிரிக்கப்பட்ட நூலைச் சிறப்பு விருந்தினர் உயர்த்திப் பிடிப்பார். முதற்படி பெறுபவர் கைநீட்டுவார். கவிஞர் ஓரத்தில் பொன்னாடையோடு நிற்பார். நல்ல நூலுக்கும் அல்லாத நூலுக்கும் படம் ஒன்றே, புன்னகையும் ஒன்றே. நூல் பறந்ததா என்பது அந்தப் படத்தில் இல்லை. அது பின்னாளில் ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர் அதனை இரண்டாம் முறை எடுத்துப் படிக்கும்போது தெரியவருவது.

வெளியீட்டு மேடையில் பாராட்டுப் பெற்ற தொகுப்புகள் பல, கட்டுப் பிரிக்கப்படாமலே பரணில் உறங்குவதைக் கவிஞர்கள் அறிவர். அறிந்தும் உரக்கச் சொல்வதில்லை. ராக்கெட் ஏவுவோர் அப்படி இருப்பதில்லை. ஏவிய பின் இருக்கையை விட்டு எழாமல் ஒவ்வொரு கட்டமாகக் கணக்கிடுகிறார்கள். விழுந்தால் ஏன் விழுந்தது என்று குழு அமைத்துத் தேடுகிறார்கள். அடுத்ததை அந்த அறிவோடு ஏவுகிறார்கள்.

பத்தாண்டு நிறைந்த வட்டத்துக்கு இங்கு ஒரு வேண்டுகோள் முன்வைக்கப்படுகிறது. வெளியீட்டு விழா எடுக்கப்பட்ட ஒவ்வொரு நூலுக்கும் ஓராண்டு கழித்து ஒரு மாலையை ஒதுக்கலாம். மாலையும் பொன்னாடையும் வேண்டா. நூலைப் படித்து வந்தவர்கள் மட்டும் கூடி, எது நின்றது, எது விழுந்தது என்று கவிஞர் முன்னிலையிலேயே பேசட்டும். பதினோராம் ஆண்டு மலரில் வெளியீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் அந்த மாலையின் படமும் இடம்பெறட்டும். பத்துப் பேர் அமர்ந்து நூலைத் திறந்து வைத்திருக்கும் எளிய படமாகவே அது இருக்கலாம். அதுவே போதும்.

அடுத்த முறை மாடியேறி வட வானை நோக்குவோர், பொறி மறைந்த பின்னும் சற்று நேரம் அங்கேயே நிற்பார்களாக.