உப்பு மண்ணில் பயிர் நிற்க எருவும் வேர்ப்பூசணமும்

(நாகை மாவட்டக் கடலோர ஊர்களின் குழுத் தலைவிகள் கூட்டத்தில் பேசியது)



2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தப்போ நம்ம கடலோர வயல்களில் கடல்தண்ணி ஏறியது. பின்னால் பெய்த மழைதான் அந்த உப்பில் பெரும்பகுதியை அலசிக்கொண்டு போனது. இப்போ உப்பு வேறு வழியில் வருது. கோடையில் போர் தண்ணி கரிக்குது, வேறு வழியில்லாமல் அதையே பாய்ச்சுகிறோம். மிளகாய், கத்தரி இலையெல்லாம் ஓரம் கருகிப் போகுது.

‘வேம்’ என்கிற வேர் உட்பூசணம் போட்டால் சரியாகும்னு சொல்றாங்களே, குழுக்கடனில் வாங்கலாமான்னு பலர் கேட்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் வேம் உப்பைத் தின்னாது. பயிர் உப்பைத் தாங்கிக்கொள்ளத்தான் உதவும். இந்தப் பூசணம் வேருக்குள் குடியேறி, நூல் மாதிரி இழைகளை மண்ணுக்குள் விடும். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் தண்ணியையும் கொண்டுவந்து தரும். பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை தரும். உப்பை வெளியேற்றுவது மழைத்தண்ணியும் வடிகாலும்தான்.

அதனால் வரிசையாகச் செய்யுங்கள்.

1. முதலில் மண் பரிசோதனை. பி.எச். 8.5-க்கு மேல் இருந்தால் அது களர் நிலம். அதற்குப் பரிசோதனையில் சொல்லும் அளவு ஜிப்சம் போடணும். பி.எச். குறைவாக இருந்து உப்பு மட்டும் அதிகம் என்றால் உவர் நிலம். வரப்பை உயர்த்தி மழைத்தண்ணியைத் தேக்கி, பிறகு வடிய விடணும்.

2. ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம். அவ்வளவு கிடைக்காவிட்டால் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுங்கள். மண் பொலபொலன்னு ஆனால்தான் உப்பு தண்ணியோடு கீழே இறங்கும்.

3. அப்புறம் வேம். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே 2, 3 செ.மீ. ஆழத்தில் இருக்கணும். மேலே தூவினால் பயனில்லை, வேரில் படணும். பை நாற்று என்றால் பைக்கு 5 முதல் 10 கிராம்.

போட்ட இடத்தில் பூஞ்சாணக்கொல்லி மருந்தை ஊற்றாதீர்கள். டி.ஏ.பி.யை அள்ளிப் போட்டாலும் பூசணம் வேரில் சரியாகப் பிடிக்காது. பையை வெயிலில் வைக்கவேண்டாம்.

முன்வரிசையில் ஒரு அக்கா, “எல்லாப் பயிருக்கும் ஆகுமா?” என்று கேட்டாங்க. ஆகாது. முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு, பீட்ரூட், கீரைத்தண்டு இதுகளோட இந்தப் பூசணம் சேராது. தண்ணி நிற்கிற நெல்வயலிலும் பலன் குறைவு. மிளகாய், கத்தரி, தக்காளி, வெங்காயம், உளுந்துக்கு நல்லது.

குழுப்பணம் நம்ம வியர்வை. அதனால் முதல் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு நாற்றங்காலில், பாதிக்குப் போட்டு, பாதியைச் சும்மா விட்டுப் பாருங்கள். நட்ட பிறகு எது நிற்கிறது, எது கருகுகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். அதைப் பார்த்துத்தான் பெரிய கடன் பற்றித் தீர்மானம் போடணும்.