தீர்ப்புக்குப் பிறகு வரும் வழக்கு

மணமுறிவும் குழந்தை நலனும் பற்றிய இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை அமைப்பாளர்கள் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலானவை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அலசுகின்றன. அலசட்டும். ஆனால் பிள்ளை யாரிடம் இருப்பது, செலவுக்கு யார் கொடுப்பது என்ற சண்டை தீர்ப்பன்று ஓய்வதில்லை. பல குடும்பங்களில் அன்றுதான் சூடு பிடிக்கிறது.

கொள்கைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டம் தந்தையை முதலில் வைத்து, தாயை அவருக்கு அடுத்து நிறுத்தியது. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கட்டும் என்றும் சொன்னது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடிருக்கும்போதே தாயும் இயற்கைப் பாதுகாவலராகலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973இலேயே சொல்லியாயிற்று. அது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கு.

இத்தனையும் தெரிந்துகொண்டு குடும்ப நீதிமன்ற வராந்தாவில் போய் நில்லுங்கள். சட்டப்படி பிள்ளையைப் பார்ப்பது ஒரு மனு, பராமரிப்புத் தொகை வேறொரு மனு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நிறுத்திவைக்க முடியாது. வராந்தாவிலோ இரண்டும் ஒரே பேரம். "பணத்தைக் கட்டச் சொல்லுங்க, பிள்ளையைக் காட்டுறேன்." "பிள்ளையைக் காட்டச் சொல்லுங்க, பணத்தைக் கட்டுறேன்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் எத்தனை வாய்தா ஓடும் என்பது இங்கே இருக்கும் வழக்கறிஞர் நண்பர்களுக்குத் தெரியும். சிலர் சிரிப்பதும் எனக்குத் தெரிகிறது.

பணத்தை எடுத்துக்கொள்வோம். இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை வழங்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பத்திரத்தை நிரப்புவதே ஒரு கலையாகிவிட்டது. மாத வருமானம் பதினெட்டாயிரம் என்று எழுதியிருப்பார். கூடவே இணைத்த வங்கிக் கணக்கில் கார் தவணை மட்டும் இருபத்திரண்டாயிரம் போயிருக்கும். தாய் தரப்பில் டியூஷன் வருமானம் காணாமல் போவதும் உண்டு. இந்த ஒளிவுமறைவுக்கு நடுவில் பள்ளிக் கட்டணம், வேன் காசு, மூக்குக் கண்ணாடி எல்லாம் காத்துக் கிடக்கும். கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்குத் தருவது நியாயம் என்ற 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கீழ்க் கோர்ட்டில் வாய்ப்பாடு போலச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு எவ்வளவு என்பதற்கு அப்படி ஒரு கணக்கும் கிடையாது. பிள்ளையின் பொறுப்பு, பராமரிப்பு, சந்திப்பு மூன்றுக்கும் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் கேட்டது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது.

உத்தரவு வாங்கியபின் வசூல். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 125, இப்போதைய 144ஆம் பிரிவின்படி பாக்கி வைத்தால் பிடியாணை, அப்படியும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தாலும் பாக்கி தீராது. ஆனால் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். சமாதானம் பேசிக்கொண்டே அந்தக் கெடுவைத் தவறவிட்ட தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சந்திப்பு நடக்கும் அறையையும் சொல்ல வேண்டும். ஒரு தந்தை கைக்கடிகாரம் வாங்கி வந்திருந்தார். ஏழு வயதுப் பையன் அதைக் கட்டிப் பார்த்தான். நேரம் முடிந்ததும் கழற்றி அவரிடமே கொடுத்தான். "வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா திட்டுவாங்கப்பா. நீங்களே வச்சிருங்க, அடுத்த வாரம் வந்து கட்டிக்கிறேன்." அன்றைய அறிக்கையில் இருந்தது ஒரே வரி: சந்திப்பு சுமுகமாக நடந்தது.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பதைத்தான் ஆய்வாளர்கள் தேட வேண்டும். அது தீர்ப்புத் திரட்டுகளில் அகப்படாது. நிறைவேற்று மனுக் கட்டுகளில்தான் கிடக்கிறது. முதல் ஆண்டிலேயே எத்தனை பேர் தொகையை நிறுத்தினார்கள், நிறுத்தியதற்கும் சந்திப்பு மறுக்கப்பட்டதற்கும் தொடர்பு உண்டா, எது முந்தியது? ஒரே ஒரு மாவட்டத்துக் கட்டுகளைப் பெயர்களை நீக்கிவிட்டு யாராவது முறையாகப் படித்துத் தந்தால், அடுத்த சட்டத் திருத்தத்தை ஊகத்தில் எழுத வேண்டியிருக்காது.

நிகழ்ச்சி நிரலில் ஒரு சின்ன மாற்றம். குடும்ப நீதிமன்ற ஆலோசகர்களின் அமர்வை நாளை மாலை கடைசியாகப் போட்டிருந்தார்கள், எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில். அதை இப்போது முதல் அமர்வாக வைக்கும்படி கேட்டேன், அமைப்பாளர்கள் இசைந்துவிட்டார்கள். ஆலோசகர்கள் மேடைக்கு வரலாம்.