செம்மணியின் பிறப்பிடம்

பொன்னை உருக்கிக் கலந்தால் அதன் ஊர் மறைந்துவிடும். மணியோ வெட்டித் தீட்டிய பின்னரும் தான் பிறந்த மண்ணை மறப்பதில்லை. கானெற் என்னும் செம்மணி இதற்குத் தக்க சான்றாகும்.

மேற்கு ஐரோப்பாவை ஆண்ட மெரோவிங்கிய மன்னர்கள், பொற்சட்டங்களிற் செம்மணித் தகடுகள் பதித்த அணிகளைப் பெரிதும் விரும்பினர். அவர்களுள் ஒருவனான சில்டெரிக்கின் கல்லறை 1653ஆம் ஆண்டில் தூர்னே நகரிற் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த பொற்றேனீக்கள் ஏறத்தாழ முந்நூறு என்பர். 1831ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் நிகழ்ந்த களவின் பின் எஞ்சியவை இரண்டே. இத்தகைய செல்வத்தில் ஒரு துகளையேனும் உடைத்து ஆராய எவர் துணிவர்?

உடையாமல் ஆராயும் வழியைப் பௌதிகவியல் காட்டிற்று. லூவர் மாளிகையின் நிலவறையிலுள்ள பொறியொன்று புரோத்தன் கற்றையை மணியின்மீது செலுத்துகின்றது. தாக்குண்ட அணுக்கள் எக்ஸ் கதிர்களை வெளிவிடுகின்றன. அவற்றின் சத்தி மூலகத்துக்கு மூலகம் வேறுபடும். ஆதலால் அவற்றின் நிறமாலை, மணியில் இரும்பு எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என எடுத்துரைக்கும்.

ஒரு மணிக்குப் பத்து எண்கள் எனின், நூறு மணிகளுக்கு ஆயிரம் எண்கள். அவற்றை வெறுங்கண்ணால் நோக்கி உறவு காண்டல் அரிது. இங்கேதான் புள்ளிவிபரவியல் துணைபுரிகின்றது. எண்களின் வேறுபாடுகளிற் பெரும்பகுதியை அது இரண்டு மூன்று அச்சுக்களுள் ஒடுக்கிவிடும். அப்போது ஒவ்வொரு மணியும் ஒரு புள்ளியாகும். ஒத்த இயல்புடையவை ஒருங்கு கூடும். இவ்வாறு ஆராய்ந்தோர், முற்காலத்து அணிகளின் செம்மணிகளிற் பல இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவை என்றும், 6ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பொகீமிய நாட்டுச் சிறுமணிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன என்றும் கண்டனர். கடல் வாணிகத்தின் மாற்றம் ஒரு மணியிலே எழுதப்பட்டிருந்தது!

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். சதவீதங்களின் கூட்டுத்தொகை என்றும் நூறே. ஒன்று ஏறினால், தான் குறையாத மற்றொன்றும் குறைந்ததுபோலத் தோன்றும். ஆகவே, எண்களைத் தனித்தனியே கொள்ளாது அவற்றின் விகிதங்களை ஒப்பிடுதல் நன்று. இரண்டாவது, கணிதம் அறிந்த சுரங்கங்களுடன் மாத்திரமே ஒப்பிடும். அறியாத சுரங்கத்து மணியை அது அயலான் வீட்டுப் பிள்ளையாக்கிவிடவுங்கூடும்.

ஆகையால், பழம்பெருமை பேசுவதினும் இன்றியமையாத கடமை ஒன்று இலங்கைக்கு உண்டு. இரத்தினபுரி முதலிய இடங்களில் அகழப்படும் செம்மணிகளுட் சிலவற்றை, இன்ன குழியில் எடுக்கப்பட்டது என்ற குறிப்புடன் பேணி வைத்தல் வேண்டும். விலைபோகாத சிறுகல்லும் இதற்குப் போதும். குழி தூர்ந்த பின்னர் அச்சாட்சியை மீட்டல் எளிதன்று.