சாக்கடைத் தொட்டியில் சிரிப்பு வாயு
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் கழிவுநீர் சுத்திகரிக்கும் தொழிலில் இருப்பவன். கல்யாண வீட்டுப் பந்தியில் "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள், பதில் சொன்னதும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். இங்கே இன்னும் சாப்பாடு வரவில்லை. அதனால் தைரியமாகப் பேசுகிறேன்.

தோட்டத்துக்காரர்களுக்கு அமோனியா தெரியும். ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றுவோமே, மூக்கில் சுரீரென்று ஏறுமே, அதேதான். நம் சிறுநீரிலிருந்தும் அது உண்டாகிறது. அப்படியே கிள்ளான் ஆற்றில் விட்டால் மீன் சாகும். தண்ணீரிலுள்ள பிராணவாயுவும் தீர்ந்துபோகும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தூரமில்லை, பந்தாய் டாலாம். முன்பு திறந்த கழிவுநீர்க் குளங்கள் இருந்த அந்த இடத்தில் இன்று நிலத்தடிச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மேலே பூங்கா, கீழே தொட்டிகள். சுமார் 14 லட்சம் பேரின் கழிவுநீரைத் தாங்கக்கூடியது. மேலே நடப்பவர்களில் எத்தனை பேருக்குக் கீழே நடப்பது தெரியுமோ!

கீழே வேலை செய்வது பாக்டீரியாக்கள். காற்று ஊதும் தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் போன்றவை அமோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அந்த நீரைக் காற்றில்லாத தொட்டிக்குத் திருப்புவோம். அங்கே வேறொரு கூட்டம், சுவாசிக்கக் காற்று இல்லாததால், நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளும். முடிவில் மிஞ்சுவது வெறும் நைட்ரஜன். நாம் இழுக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுதானே!

ஆனால் அந்தக் கடைசிப் படிக்கு ஒரு படி முன்னால் நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. சிரிப்பு வாயு என்பார்களே, அதுதான். 1844-இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ் இதை முகர்ந்துகொண்டு தம் பல்லையே பிடுங்கச் சொன்னார். ஆகாயத்துக்குப் போனால் சிரிப்பில்லை. எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் சுமார் 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். நூறு வருஷத்துக்கு மேல் தங்கும். ஓசோனையும் அரிக்கும்.

பாக்டீரியா ஏன் பாதியில் விடுகிறது? கடைசிப் படியை முடிக்கும் நொதியில் செம்பு இருக்கிறது. பிராணவாயு பட்டால் அது முடங்கிவிடும். காற்றுத் தொட்டியில் அதிகமாக ஊதினால், மிச்சக் காற்று அடுத்த தொட்டிக்குப் போய் வேலையைக் கெடுக்கும். சரி, குறைத்து ஊதலாமா? அப்போது காற்றுத் தொட்டியிலேயே நைட்ரைட் தேங்கி, அங்கேயே இந்த வாயு கிளம்பும். நம் ஊர் வெயிலில் 30 பாகை நீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயுதான் கரையும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2019-இல் தந்த பொதுக் கணக்குப்படி, இத்தகைய நிலையத்துக்கு 100 கிலோ நைட்ரஜன் வந்தால் சுமார் 2.5 கிலோ இந்த வாயு கிளம்பும். கேட்கக் கொஞ்சம்தான், 273-ஆல் பெருக்கிப் பாருங்கள்! வாயுவுக்கு நிறமும் இல்லை. ஆற்றுக்குப் போகும் நீரை மட்டும் சோதித்தால் பிடிபடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய நிலையத்தில், மின்சாரச் செலவு மிச்சமாகட்டுமே என்று இரவில் காற்றைக் குறைத்தேன். ஊதும் மோட்டார்தான் அங்கே அதிகம் மின்சாரம் தின்னும். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. காலையில் பார்த்தால் நைட்ரைட் ஏறிக் கிடந்தது. இரவெல்லாம் எவ்வளவு வாயு போயிற்றோ, யார் அளந்தது? அன்றிலிருந்து நைட்ரைட் அளவைப் பார்க்காமல் மோட்டாரில் கை வைப்பதில்லை.

பிள்ளைகள் பரிசுக்குத் தவிக்கிறார்கள்.