சின்ன இடிதானே என்று விட்டுவிடாதீர்கள்

ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கும் தோட்டக் குடும்பங்களுக்கு நாம் ஆற்றிய உரை



கொழுந்து நிறுத்துப் போட்டு, கை கால் கழுவிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரு காலத்தில் நமது தோட்டங்களில் வாகனம் என்றால் துரையின் ஜீப், கொழுந்து லொறி, அவ்வளவுதான். இன்று லயத்து வாசலில் ஓட்டோ நிற்கிறது. மகன் கொழும்பில் கடையில் நின்று அனுப்பிய காசு, அம்மாவின் ஈ.பி.எப். காசு, அடகு வைத்த தோடு, மீதிக்கு லீசிங். அப்படித்தான் பல வண்டிகள் வந்தன. அந்த வண்டி ஒரு கிழமை கராஜில் நின்றால் அடுப்பில் என்ன வேகும் என்பது வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி. பெயர் வேண்டாம். பின்னேரம், தூறல், பனிமூட்டம். பெக்டரிக்கு மேலே உள்ள வளைவில் மரக்கறி லொறி ஒன்று எதிரே வந்தது. ஓட்டோவின் மட்காட் நெளிந்தது, கண்ணாடி உடைந்தது. லொறியில் ஒரு கீறல். யாருக்கும் காயமில்லை. லொறிக்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மல்லி, சின்ன விஷயம்தானே, இன்சூரன்ஸ் எல்லாம் எதுக்கு, போயிட்டு வா" என்றார். தம்பிக்கும் நிம்மதி. சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டார்.

நாலாம் நாள் பொலிஸிலிருந்து அழைப்பு. ஓட்டோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது என்று லொறி முதலாளி முறைப்பாடு செய்திருக்கிறார். லைட் உடைந்ததாம், கதவு நெளிந்ததாம், 40,000 ரூபா வேண்டுமாம். தம்பியிடம் படம் இல்லை. சாட்சி இல்லை. இன்சூரன்ஸ் கம்பனிக்கு ஓடினால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டுக் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு மாத லீசிங் காசு அங்கே போனது. அன்றைக்கு ஒரு போன் எடுத்திருந்தால் கதையே வேறு.

அந்தப் போனைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன காப்புறுதி என்று பாருங்கள். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் ஆள் காப்புறுதி இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக்கூடாது. அது நம்மால் மற்றவருக்கு வந்த பாதிப்புக்கானது. நமது மட்காட்டுக்கு அதில் சதமும் கிடைக்காது. புல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லுவது நமது வண்டியையும் சேர்த்துப் பார்க்கும். லீசிங்கில் எடுத்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் போட்டிருப்பார்கள். "எனக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தானே, நான் ஏன் சொல்லணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். எதிராளி நாளைக்கு உங்கள்மேல் நட்டஈடு கேட்டு வந்தால், உங்களுக்காக முன்னுக்கு நிற்க வேண்டியது அந்தக் கம்பனிதான். அதனால் நீங்களும் சொல்லத்தான் வேண்டும்.

இடிபட்டவுடன் வண்டியை நிறுத்துங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் மற்றதெல்லாம் பிறகு. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். காயம் சின்னதாக இருந்தாலும் பொலிஸுக்குச் சொல்ல வேண்டும், அவசரத்துக்கு 119. காயமில்லை என்றால் அந்த இடத்திலேயே நின்று காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்குப் போன் எடுங்கள். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். நமது பக்கம் சிக்னல் கிடைக்காத வளைவுகள் நிறைய. அப்படியென்றால் நேரத்தைக் குறித்து வைத்து, கிடைக்கும் முதல் இடத்தில் எடுங்கள்.

போனில் வண்டி இலக்கம், காப்புறுதி இலக்கம், மற்ற வண்டியின் இலக்கம், ஓட்டியவர் யார் என்றெல்லாம் கேட்பார்கள். இடம் சொல்லுவதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். "மேல் டிவிஷன் வளைவு" என்றால் கொழும்பில் போன் எடுக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? கிட்ட உள்ள டவுன், பிறகு தோட்டத்தின் பெயர், பிறகு டிவிஷன், பிறகு பாலமோ கோயிலோ பெக்டரியோ, இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். ஆள் அனுப்புவதா, படம் அனுப்பினால் போதுமா என்று அவர்கள் சொல்லுவார்கள்.

அவர்கள் சொல்லும்வரை வண்டியை அசைக்காமல் இருப்பது நல்லது. பின்னால் பஸ்ஸோ அம்புலன்ஸோ மாட்டிக்கொண்டால் முதலில் படம் எடுத்துக்கொண்டு ஒதுக்குங்கள். கிட்ட நின்று நெளிவை மட்டும் எடுக்காமல், தள்ளி நின்று இரண்டு வண்டியும், நம்பர் பிளேட்டும், ரோட்டின் அகலமும் தெரிய எடுங்கள். பார்த்தவர் யாராவது இருந்தால் பெயரும் போன் இலக்கமும் வாங்குங்கள்.

"பிழை என்னுடையதுதான், நான் காசு தாறேன்" என்று ரோட்டில் நின்று சொல்லாதீர்கள், எழுதியும் கொடுக்காதீர்கள். கம்பனியின் சம்மதமில்லாமல் பொறுப்பேற்கக் கூடாது என்பது காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக உள்ள நிபந்தனை. பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பம் வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. "தமிழில் சொல்லுங்க மாத்தயா" என்று மரியாதையாகக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொரு குழப்பம். அறிவிப்பது வேறு, நட்டஈடு கேட்பது வேறு. நட்டஈடு கேட்காத வருஷங்களுக்குக் கம்பனிகள் கட்டணத்தில் கழிவு தருவதுண்டு. கண்ணாடி ஒன்றுக்காக அந்தக் கழிவை இழப்பது லாபமா நட்டமா என்று அவர்களிடமே கேட்டு, பிறகு முடிவெடுங்கள். ஆனால் அறிவித்தல் அன்றைக்கே நடக்கட்டும். பழுது பார்க்கப் போகிறவர்கள் கம்பனியின் ஆள் பார்க்கும்வரை கராஜில் கைவைக்க விடாதீர்கள், உடைந்த சாமானை வீசாதீர்கள். லீசிங் கம்பனிக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள், அவர்களும் அந்த வண்டிக்குச் சொந்தக்காரர்தான்.

கசப்பான பேச்சு ஒன்றும் உண்டு. லைசன் இல்லாத தம்பியிடம் வண்டியைக் கொடுத்தாலோ, சம்பள நாளில் குடித்துவிட்டு ஓட்டினாலோ, வீட்டுப் பாவனைக்கு என்று காப்புறுதி போட்டுவிட்டு ஹயர் ஓடினாலோ, எவ்வளவு சீக்கிரம் போன் எடுத்தும் பிரயோசனமில்லை. ஸ்கூல் பிள்ளைகளை எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஏற்றுகிற அண்ணன்மாரும் இங்கே இருக்கிறீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டோம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் காப்புறுதிப் பத்திரத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். பெட்டிக்கு அடியில் சேலைக்குள் மடித்து வைத்திருந்தாலும் எடுத்து வாருங்கள். எல்லோருமாக இருந்து வாசிப்போம். அதிலுள்ள போன் இலக்கத்தை வண்டி சீட்டுக்குப் பக்கத்திலும், வீட்டுச் சுவரில் கலண்டருக்குக் கீழேயும் எழுதி ஒட்டும் வேலையை ஸ்கூல் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.